புது எஞ்சின் போட்டும் செயின் சா ஸ்டார்ட் ஆகலையா? மறுபடி கடைக்குத் தூக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

மே மாதம். ஏற்காடு பக்கம் கிளியூரில் உங்களுக்கு ஒரு சின்ன காபித் தோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் கிளை கழித்தாக வேண்டும். வெயில் காபிச் செடிக்கு இறங்கணும், காற்று ஓடணும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி வேறு ஏறியிருக்கிறது. ஆள் சொல்லியாச்சு, கூலி பேசியாச்சு.

போன சீசனில் பாதி வேலையில் மெஷின் நின்றுபோனது. கயிறை இழுத்தால் அசையவே இல்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சேலத்துக்குக் கொண்டுபோனீர்கள். "எஞ்சினே போச்சுங்க, மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினீர்கள். கடையில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. சந்தோஷமாக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வீட்டுக்கு வந்தாச்சு.

மறுநாள் காலையில் தோட்டத்தில் இழுக்கிறீர்கள். பத்து இழுப்பு, இருபது இழுப்பு. ஒன்று, சத்தமே இல்லை. அல்லது 'டர்ர்' என்று வந்து உடனே நின்றுவிடுகிறது. அல்லது ஸ்டார்ட் ஆகிறது, மரத்தில் வைத்தால் மூச்சு வாங்குகிறது. கூலிக்கு வந்தவர்கள் பீடி பற்றவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். "புது எஞ்சின்தானே போட்டோம்?" என்ற கேள்வி மட்டும் மண்டைக்குள் ஓடுகிறது.

இந்தக் கட்டுரை அந்தக் காலை நேரத்துக்கானது. முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடலாம். இந்த மாதிரி நேரத்தில் புது எஞ்சின் குற்றவாளியாக இருப்பது குறைவு. பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். பொருத்தும்போது ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும். இல்லையென்றால், பழைய எஞ்சினைக் கொன்ற அதே கோளாறு இன்னமும் மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கும். முதலாவது உங்கள் ஒரு நாளைத் தின்னும். இரண்டாவது உங்கள் புது எஞ்சினையே தின்றுவிடும்.

'எஞ்சின் மாத்தியாச்சு' என்றால் எதை மாற்றினார்கள்?

செயின் சாவில் எஞ்சின் மாற்றுவது என்றால் பொதுவாக இரண்டு வகை. சிலிண்டர், பிஸ்டன், ரிங் மட்டும் மாற்றுவது ஒன்று. கிராங்க் ஷாஃப்ட், கிராங்க் கேஸ் எல்லாம் சேர்த்து பாதி எஞ்சினாக மாற்றுவது இன்னொன்று. எதுவாக இருந்தாலும் கார்புரேட்டர், பெட்ரோல் டியூப், டேங்க், பிளக் காயில், சுவிட்ச் ஒயர், ஆயில் பம்ப், கிளட்ச் இவையெல்லாம் பெரும்பாலும் பழையவைதான். புது வீட்டுக்குப் பழைய பைப் லைனை இழுத்த மாதிரி.

அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எது புதுசு, எது பழசு?" இரண்டாவது, "பழைய பிஸ்டனைக் கொடுங்க." இந்த இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை. குப்பைக்குப் போகும் அந்தப் பிஸ்டனில்தான் மரணத்துக்கான காரணம் எழுதியிருக்கிறது.

பழைய பிஸ்டன் என்ன சொல்கிறது?

பிஸ்டனைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சைலன்ஸர் இருந்த பக்கத்தில் மட்டும் நெடுக்காக ஆழமான கோடுகள் இருந்தால், எஞ்சின் அதிகச் சூட்டில் வெந்திருக்கிறது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போயிருக்கும். எங்கோ காற்று கசிந்திருக்கலாம், அல்லது கார்புரேட்டர் ட்யூனிங் தவறாக இருந்திருக்கலாம். சைலன்ஸர் பக்கம் என்ன திசை என்ற சந்தேகம் வந்தால், பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும். பெரும்பாலான மெஷின்களில் அந்த அம்பு சைலன்ஸரைப் பார்த்துத்தான் இருக்கும்.

சுற்றிலும் எல்லாப் பக்கமும் கோடுகள் என்றால், ஆயில் கலக்காத பெட்ரோல் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு வரும் ஆயில்தான் எல்லாமே. பைக்குக்கு வாங்கி வைத்த பாட்டில் பெட்ரோலை யாரோ ஊற்றிவிட்டால், சில நிமிட வேலையிலேயே கதை முடிந்துவிடும்.

கார்புரேட்டர் பக்கம் மட்டும் தேய்ந்து மங்கலாக, மணல் தாள் தேய்த்த மாதிரி இருந்தால் தூசி. ஏர் ஃபில்டர் கிழிந்திருக்கும் அல்லது சரியாக உட்கார்ந்திருக்காது. பிஸ்டன் தலையில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்து உருண்டிருக்கிறது. கிளிப்போ, பேரிங்கோ, ரிங் துண்டோ எதுவாகவும் இருக்கலாம்.

இதில் எது காரணம் என்று தெரியாமல் புது எஞ்சின் போடுவது, தண்ணீர் ஒழுகும் கூரைக்குக் கீழே புது மெத்தை விரிப்பது மாதிரி.

கை வைக்கும் முன்

பிளக் கேப்பைக் கழற்றாமல் செயின், கிளட்ச், பார் எதையும் தொடாதீர்கள். கையுறை போடுங்கள். நின்றிருக்கும் செயினும் கையை வெட்டும். கயிறு இழுக்கும்போது மெஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துப் பிடித்து இழுங்கள். ஒரு கையில் தொங்கவிட்டபடி இன்னொரு கையால் இழுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து ஒரு பத்தடி தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வரிசை முக்கியம். காசு செலவாகாத சோதனையில் ஆரம்பித்துப் படிப்படியாகப் போகலாம்.

1. சிரிக்காதீங்க, முதல்ல சுவிட்சும் பிரேக்கும்

சுவிட்ச் ஆன் பக்கம் இருக்கிறதா? சோக் சரியான நிலையில் இருக்கிறதா? டேங்கில் புதுப் பெட்ரோல் இருக்கிறதா? மெஷின் தலையில் ஸ்டார்ட்டிங்குக்காக ஒரு சின்ன டி-கம்ப்ரஷன் பட்டன் இருந்தால், அது அழுத்திய நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறதா?

சோக் போட்டு அதிகம் இழுத்துவிட்டால் பெட்ரோல் உள்ளே நிரம்பி 'ஓவர்ஃப்ளோ' ஆகிவிடும். பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். சோக்கை எடுத்துவிட்டு, சுவிட்சை ஆஃப் செய்து, பிளக் துளை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மெஷினைச் சாய்த்து ஏழெட்டு முறை இழுங்கள். அதன் பிறகு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். பல காலைகள் இதிலேயே காப்பாற்றப்பட்டுவிடும்.

2. கரண்ட் வருதா?

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி சிலிண்டரைத் தொடும்படி பிடித்துக் கயிறை இழுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே பிடியுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நிழலில் நின்று பார்த்தால் பளிச்சென்று நீலப் பொறி தெரிய வேண்டும்.

பொறி இல்லையா? முதலில் வேறு ஒரு நல்ல பிளக் போட்டுப் பாருங்கள். அதற்கும் இல்லையென்றால், எஞ்சின் மாற்றிய மெஷினில் பார்க்க வேண்டியது மூன்று.

ஒன்று, சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் மெல்லிய ஒயர். இந்த ஒயர் பாடியைத் தொட்டால் எஞ்சின் நிற்கும். சுவிட்ச் ஆஃப் வேலை செய்வதே அப்படித்தான். எஞ்சினைத் திரும்ப மாட்டும்போது இந்த ஒயர் இரண்டு பாகத்துக்கு நடுவில் நசுங்கினால், மெஷின் எப்போதுமே 'ஆஃப்'தான். காயிலில் இருந்து அந்த ஒயரை மட்டும் கழற்றி, பிளக்கை வெளியே வைத்தபடியே இழுத்துப் பாருங்கள். இப்போது பொறி வந்தால் குற்றவாளி ஒயர்தான். சரிசெய்து திரும்ப மாட்டிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் மெஷினை சுவிட்சால் நிறுத்த முடியாது.

இரண்டு, காயிலுக்கும் மேக்னெட் வீலுக்கும் உள்ள இடைவெளி. இது சுமார் 0.3 மில்லிமீட்டர். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீலில் உள்ள காந்தப் பகுதியைக் காயிலுக்கு நேராகக் கொண்டுவந்து, நடுவில் கார்டை வைத்து, காயில் ஸ்குரூ இரண்டையும் தளர்த்தினால் காந்தமே காயிலை இழுத்துக்கொள்ளும். அப்படியே இறுக்கிவிட்டுக் கார்டை உருவிவிடலாம்.

மூன்று, மேக்னெட் வீலின் சாவி. வீல் ஷாஃப்ட்டில் சரியான கோணத்தில் உட்கார ஒரு சின்ன மேடு இருக்கும். நட்டு சரியாக இறுக்கப்படவில்லை என்றால் அது அறுந்து வீல் சற்றே திரும்பிவிடும். பொறி வரும், ஆனால் தப்பான நேரத்தில் வரும். கயிறு கையை வெடுக்கென்று திருப்பி இழுப்பது, கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று வெடிப்பது இதன் அடையாளம்.

3. கம்ப்ரஷன் இருக்கா?

கயிறை மெதுவாக இழுத்தால் ஒரு இடத்தில் நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும். தண்ணீர் சேந்துகிற மாதிரி சுலபமாக வந்தால் சந்தேகப்படுங்கள். கேஜ் இருந்தால் பிளக் துளையில் மாட்டிப் பார்க்கலாம். 120 பி.எஸ்.ஐ-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே என்றால் ஸ்டார்ட் ஆகவே திணறும்.

புது எஞ்சினில் கம்ப்ரஷன் இல்லையென்றால் அது பொருத்தியதில் வந்த தவறு. ரிங் பொருத்தும்போது உடைந்திருக்கலாம். சிலிண்டர் போல்ட் தளர்ந்திருக்கலாம். பிஸ்டனைத் திருப்பிப் போட்டிருந்தால் ரிங்கின் வாய் சிலிண்டரில் உள்ள துவாரத்தில் மாட்டி உடைந்துவிடும். இது வீட்டில் பிரிக்கிற வேலை இல்லை. பொருத்தியவரிடமே கொண்டுபோங்கள். ஆனால் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "ஸ்டார்ட் ஆகலை" என்று சொல்வதற்கும் "கம்ப்ரஷன் 80-தான் காட்டுது" என்று சொல்வதற்கும் கடையில் கிடைக்கும் மரியாதையே வேறு.

4. பெட்ரோல் வந்து சேருதா?

எஞ்சின் மாற்றிய செயின் சாவுக்கென்றே உள்ள தனி வியாதி இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பைக்கில் பெட்ரோல் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தானாக இறங்கும். உள்ளே மிதவை ஒன்று அளவைப் பார்த்துக்கொள்ளும். செயின் சாவை அப்படிச் செய்ய முடியாது. பக்கவாட்டில் சாய்ப்போம், தலைகீழாகக்கூடப் பிடிப்போம். அதனால் இதன் கார்புரேட்டருக்குள் ஒரு மெல்லிய சவ்வு பம்ப் இருக்கிறது. அந்தப் பம்ப்பை இயக்குவது எது? பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் கேஸில் உண்டாகும் காற்றுத் துடிப்பு. அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாகவோ மெல்லிய டியூப் வழியாகவோ கார்புரேட்டருக்கு வருகிறது. நாடி மாதிரி.

எஞ்சின் மாற்றும்போது சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள பேக்கிங்கைத் தலைகீழாக மாட்டினால் அந்தத் துளை அடைபட்டுவிடும். பேக்கிங் போடும்போது அளவுக்கு அதிகமாகப் பசை தடவினாலும் இதேதான். டியூப் வகை மெஷினில் டியூபை மாட்டவே மறந்திருக்கலாம், அல்லது அது மடங்கியிருக்கலாம். நாடி நின்றால் பம்ப் நின்றது. பம்ப் நின்றால் பெட்ரோல் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இருபது இழுப்புக்குப் பிறகும் அது காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் நாலைந்து சொட்டு ஆயில் கலந்த பெட்ரோல் விட்டு, ஃபில்டரைத் திரும்ப மாட்டி இழுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றால் பொறியும் கம்ப்ரஷனும் சரி என்று அர்த்தம். பெட்ரோல் பாதையில்தான் தடை.

அடுத்து, மெஷினில் கையால் அழுத்தும் ரப்பர் பல்ப் இருந்தால் அழுத்துங்கள். குமிழி இல்லாமல் பெட்ரோல் நிரம்புகிறதா? அப்படியானால் டேங்க் ஃபில்டரும் டியூபும் பெரும்பாலும் நலம். துடிப்புத் துளையையும் கார்புரேட்டரையும் சந்தேகப்படுங்கள். பல்ப் நிரம்பவே இல்லை அல்லது குமிழியாக வருகிறது என்றால் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் டியூபில் விரிசல்.

இன்னொரு அறிகுறி. ஐந்து, பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்படியே மூச்சடைத்து நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகிறது. மூடிவிட்டு இழுத்தால் திரும்ப ஓடுகிறது. இது டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்ததால் வருவது. மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அடைத்திருக்கும். எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

5. ஸ்டார்ட் ஆகுது, ஆனா அலறுது

இதுதான் ஆபத்தான நிலை. ரேஸ் கொடுத்துவிட்டு விட்டால் சத்தம் உடனே இறங்காமல் தொங்குகிறது. சும்மா ஓடும்போது ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்கி ஆடுகிறது. கேட்க 'செம பவர்' மாதிரி இருக்கும். உண்மையில் எஞ்சின் காற்றைக் குடித்து வேகிறது.

கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் ரப்பர் பூட் சரியாக உட்காரவில்லை, சிலிண்டரின் அடி பேக்கிங் கசிகிறது, கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் மடங்கியிருக்கிறது. இதில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். பழைய பிஸ்டனில் சைலன்ஸர் பக்கம் மட்டும் கோடு பார்த்தீர்களே, நினைவிருக்கிறதா? பழைய எஞ்சினைக் கொன்ற கசிவு ரப்பர் பூட்டில் இருந்திருந்தால், அந்தப் பூட்டை மாற்றாமல் புது எஞ்சின் போட்டிருந்தால், இப்போது கேட்கும் அலறல் இரண்டாவது மரணத்துக்கான ஒத்திகை.

உடனே நிறுத்திவிடுங்கள். 'இன்னும் நாலு கிளைதானே' வேண்டாம். கடையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கார்புரேட்டர் துளையையும் சைலன்ஸர் துளையையும் அடைத்துவிட்டு, உள்ளே சுமார் 0.5 பார் காற்று ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவது மாதிரிதான். எஞ்சின் மாற்றிய ஒவ்வொரு மெஷினுக்கும், டெலிவரிக்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பாதிப் பஞ்சாயத்து குறையும்.

6. சேலத்தில் ஓடுது, கிளியூரில் ஓடலை

மலையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு உறிஞ்சலிலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று, சேலத்தை விட ஏற்காட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைகிறது. ஆனால் சேலத்தில் ட்யூன் செய்த கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதே திறப்பில் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். விளைவு, பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. புகை வரும். பிளக் கருத்து ஈரமாகும். மரத்தில் வைத்தால் மூச்சு வாங்கும். கடையில் இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆன மெஷின் தோட்டத்தில் மக்கர் செய்வதற்கு இது ஒரு நல்ல காரணம். பொருத்தியவர் மீது தப்பில்லை, மெஷின் மீதும் தப்பில்லை.

தீர்வு, மலையிலேயே ட்யூன் செய்வது. கார்புரேட்டரில் பொதுவாக மூன்று ஸ்குரூ இருக்கும். 'எல்' என்பது ஸ்லோ ஸ்பீடில் போகும் பெட்ரோலுக்கு. 'எச்' என்பது முழு ரேஸில் போகும் பெட்ரோலுக்கு. மூன்றாவது ஸ்லோ ஸ்பீடு அளவுக்கு. கடிகார முள் திசையில் திருப்பினால் பெட்ரோல் குறையும். எதிர்த்திசையில் கூடும். முதலில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒரு சமயத்தில் எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள்.

சரியான இடம் எது என்பதைக் காது சொல்லும். மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுக்கும்போது சத்தத்தில் லேசான கரகரப்பு இருக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு போய்ச் சத்தம் சுத்தமாக வேண்டும். வெறும் ரேஸிலேயே விசில் மாதிரி சுத்தமாக அலறினால் பெட்ரோல் குறைந்துவிட்டது. உடனே 'எச்' ஸ்குரூவைத் திறங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதுதான் எஞ்சினைக் கொல்வது. மலைக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்து ட்யூன் செய்த மெஷினை, கீழே சேலம், ஆத்தூர், ஓமலூர் பக்கம் தென்னை அறுக்க எடுத்துப்போனால் என்ன ஆகும்? அங்கே காற்று அடர்த்தி. பெட்ரோல் பற்றாக்குறை. எஞ்சின் சூடேறி மறுபடி பிஸ்டன் பிடிக்கும். மலை ஏறும்போது ட்யூன் செய்யாவிட்டால் வேலை கெடும். இறங்கும்போது ட்யூன் செய்யாவிட்டால் எஞ்சின் கெடும். வாடகைக்கு மெஷின் விடுகிறவர்கள் இதை மெஷின் மேலேயே எழுதி ஒட்டலாம்.

ஸ்டில் நிறுவனத்தின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் போன்ற வசதியுள்ள மாடல்கள் இந்த வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். சாதாரண மெஷின்களில் அந்தப் பொறுப்பு உங்கள் காதுக்குத்தான்.

7. எஞ்சின் ஓடுது, செயின் வெட்டலை

எஞ்சின் சத்தம் வருகிறது, செயின் சுற்றவில்லை, கருகல் வாசனை. பதற வேண்டாம். முன்னால் உள்ள கை மறைப்பு முன்பக்கம் தள்ளியிருந்தால் செயின் பிரேக் போட்டிருக்கிறது. பின்னால் இழுங்கள். சைடு கவரைப் பிரேக் போட்ட நிலையில் கழற்றி மாட்டினாலும் பிரேக் பட்டை சிக்கிக்கொள்ளும்.

ரேஸ் கொடுக்காதபோதே செயின் சுற்றினால் அது ஆபத்து. ஸ்லோ ஸ்பீடு அதிகமாக இருக்கும், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் விட்டுப்போயிருக்கும். சரிசெய்யாமல் மரம் ஏறக் கொடுக்காதீர்கள். மேலே நிற்பவர் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் கால் மாற்றும் நேரத்தில் செயின் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாக, செயின் ஆயில். ஆயில் பம்ப்பை ஓட்டும் சின்ன திருகுப் பல் சக்கரம் பெரும்பாலான மெஷின்களில் கிளட்ச்சுக்குப் பின்னால் இருக்கும். எஞ்சின் மாற்றும்போது அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது அது கிளட்ச் டிரம்மில் சரியாகக் கோக்கவில்லை என்றால் எஞ்சின் ஓடும், ஆயில் வராது. செயினும் பாரும் காய்ந்து தேயும், எஞ்சின் மீது சுமை ஏறும். சோதிப்பது சுலபம். ஒரு பழைய அட்டையைத் தரையில் போட்டு, பார் முனையை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து ரேஸ் கொடுங்கள். அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும்.

வீட்டிலேயே கிளட்ச்சைக் கழற்ற நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பெரும்பாலான மெஷின்களில் கிளட்ச் இடதுகை மரை. வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகும்.

பெட்ரோல் கேன்: சின்ன விஷயம், பெரிய செலவு

ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். 50:1 என்று புத்தகத்தில் போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. 'ஒரு மூடி, ரெண்டு மூடி' கணக்கு வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளை போதும். கேன் மேல் 'ஆயில் கலந்தது' என்று பெரிதாக எழுதுங்கள், கலந்த தேதியையும் எழுதுங்கள்.

தேதி எதற்கு என்றால், இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டுப் பனியில், பாதி காலியான கேனில், மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கலாம். பழைய ரப்பர் டியூபையும் கார்புரேட்டர் சவ்வையும் அது விறைக்க வைக்கும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து வையுங்கள். சீசன் முடிந்தால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.

எல்லாம் சரி, ஓடுது. இப்போ?

புது எஞ்சினைப் புது மாப்பிள்ளை மாதிரி கவனியுங்கள். முதல் மூன்று டேங்க் பெட்ரோல் தீரும்வரை, மரத்தில் வைக்காமல் முழு ரேஸ் கொடுத்து விளையாட வேண்டாம். முதல் நாளே பெரிய அடிமரத்தில் வைக்காமல் கிளைகளில் ஆரம்பியுங்கள். மழுங்கிய செயினால் அழுத்தி அறுக்காதீர்கள். நல்ல செயின் துருவலாகத் தள்ளும். மாவு மாதிரி தூள் வந்தால் அரம் போட வேண்டிய நேரம். முதல் டேங்க் முடிந்ததும் சைலன்ஸர், கார்புரேட்டர் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சூட்டில் தளரும்.

சில மணி நேர வேலைக்குப் பிறகு பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். டீத்தூள் போட்டுக் கொதித்த பால் மாதிரி இளம் பழுப்பு என்றால் எல்லாம் நலம். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை என்றால் வேலையை நிறுத்திவிட்டு, ஐந்தாவது, ஆறாவது பகுதிகளை மறுபடி படியுங்கள்.

மலை இல்லாத ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தபோது, ரோட்டைத் திறக்க வேண்டிய முதல் கருவி இதுதான். அப்படி ஒரு காலையில் பரணிலிருந்து இறக்கும் மெஷின் ஸ்டார்ட் ஆவது, போன முறை அது ஏன் நின்றது என்று நாம் கேட்டோமா என்பதில்தான் இருக்கிறது.

அதனால் அடுத்த தடவை யாராவது "எஞ்சின் போச்சு, மாத்திடலாம்" என்றால், சரி என்று தலையாட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஏன் போச்சு?" அதற்குப் பதில் கிடைத்த பிறகு புது எஞ்சின் போடுங்கள். கிளியூர் தோட்டத்தில் மழைக்கு முன் கிளை இறங்கிவிடும். காத்திருந்தவர்களுக்கும் அன்றைய கூலி கைக்கு வந்துவிடும்.